தீத்துவுக்கு ஒரு சட்டை

போர் முடிந்து ஒரு வருஷம் ஆகப்போகிற சமயம், ஏப்ரல் மாதத்தில் ஒரு புதன்கிழமை, ரோமில் தீத்து வளைவு என்கிற பழைய கல் தோரணவாயிலின் மேல் போர்த்தியிருந்ததை எல்லாம் உரிக்க ஆரம்பித்தார்கள். கிட்டத்தட்ட ஆறு வருஷமாக அது செங்கலுக்கும் பலகைக்கும் மணல் மூட்டைக்கும் உள்ளே கிடந்தது. குண்டு விழுந்து கல் நொறுங்கிவிடக் கூடாதே என்று அன்றைய அரசாங்கம் மெனக்கெட்டுச் செய்த ஏற்பாடு அது. அப்படி மெனக்கெட்ட மந்திரிகளில் சிலர் இப்போது ஜெயிலில் இருக்கிறார்கள், சிலர் மண்ணுக்குள் இருக்கிறார்கள். வளைவுக்கு ஒன்றும் ஆகவில்லை.

மூட்டைக்குள் இருந்த மணல் சாலைப் பள்ளங்களை நிரப்பப் போகும். கோணி பழந்துணிக்காரனிடம் போகும். அப்படித்தான் லெயோனேயைக் கூப்பிட்டனுப்பினார்கள்.

லெயோனேக்கு நாற்பத்தொரு வயது. ஆற்றங்கரையில் இருக்கும் கெத்தோவில், யூதத் தெருவில் பிறந்தவன். அப்பனும் பாட்டனும் பழந்துணி வியாபாரம்தான். யூதன் வேறு எதையும் விற்கக் கூடாது என்று போப்பாண்டவர்கள் ஒரு காலத்தில் போட்ட சட்டத்தால் வந்த தொழில். சட்டம் போய் எண்பது வருஷம் ஆகியும் தொழில் போகவில்லை. தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு ஊர் முழுக்கச் சுற்றுவான். துணியை விரலால் தொட்டே எந்த ஊர் நெசவு, எத்தனை முறை வெளுத்தது, யார் கை தைத்தது என்று சொல்லிவிடுவான்.

ஆனால் இரண்டரை வருஷமாக அவனுக்கு எதுவும் உறைப்பதில்லை. போன குளிர்காலத்தில் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார்கள். மருந்துக்குத் தட்டுப்பாடு, அதனால் மரத்துப்போக ஊசி இல்லை. வைத்தியர் குறடை வைத்துத் திருகிக்கொண்டே "வலிக்குதா?" என்று கேட்டார். "இல்லை" என்றான். இஸ்திரிப்பெட்டி மணிக்கட்டில் பட்டுத் தோல் பொசுங்கிய வாடை வந்த பிறகுதான் கையை எடுத்தான். பார்த்தவர்கள் அதைத் தைரியம் என்று நினைத்தார்கள். தைரியமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. வலி வந்து கதவைத் தட்டும்போது உள்ளே ஆள் இல்லை, அவ்வளவுதான்.

வண்டியைக் கொலோசியம் பக்கம் நிறுத்திவிட்டு, வளைவுக்குப் பத்தடி முன்னால் நின்றுகொண்டான். உள்ளேயிருந்து மேஸ்திரி நாத்ஸரேனோ கத்தினார். ஆறு வருஷத்துக்கு முன்னால் இதே மூட்டைகளை அடுக்கியதும் அவர்தான்.

"உள்ளே வாய்யா, லெயோனே! கூப்பிடாத கல்யாணத்துக்கு வந்தவனாட்டம் எதுக்கு வாசல்லயே நிக்கிறே?"

"இங்கேயே நிக்கிறேன் மேஸ்திரி. எங்க ஆளுங்க அதுக்குக் கீழே வர்றதில்லை."

"தெரியும்யா, தெரியும். தீத்து செத்து ஆயிரத்தெண்ணூறு வருஷம் ஆச்சு. இன்னுமா கோவம்?"

"கோவமெல்லாம் இல்ல. பழக்கம்."

"உங்க பழக்கத்துக்கு என் ஆளுங்க முதுகு ஒடியணுமா? மூட்டையை வாசல் வரைக்கும் யார் தூக்கிட்டு வர்றது?"

"ரெண்டு சிகரெட் தர்றேன்."

"நாலு."

தீத்து என்கிற ரோமானியத் தளபதி எருசலேமைப் பிடித்தான், ஆலயத்தை எரித்தான், உள்ளேயிருந்த ஏழு கிளைக் குத்துவிளக்கைத் தோளில் தூக்கவைத்து ரோமுக்கு ஊர்வலம் கொண்டுவந்தான். அந்த ஊர்வலத்தைத்தான் வளைவின் உட்சுவரில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். விளக்கோடு சேர்த்து இழுத்துவரப்பட்டவர்களின் வாரிசு நாங்கள் என்று கெத்தோவில் எந்தக் கிழவரைக் கேட்டாலும் சொல்வார். அதனால் யாரும் அதற்குக் கீழே கடப்பதில்லை, சுற்றிக்கொண்டுதான் போவார்கள். கொட்டுகிற மழையிலும் அப்படித்தான், வண்டி நிறையச் சுமை இருந்தாலும் அப்படித்தான்.

லெயோனே பெரிய பக்திமான் இல்லை. அவன் மனைவி கோஸ்தான்ஸாதான் இந்த விஷயத்தில் கறார். கல்யாணமான புதிதில் ஒரு நாள் வண்டிச் சக்கரம் ஆட்டம் கண்டுவிட்டது. ஆள் நடமாட்டம் இல்லை, வளைவுக்குள் புகுந்து போய்விடலாம், யார் பார்க்கப் போகிறார்கள் என்றான். "நான் பாக்குறேனே" என்று சொல்லிவிட்டு, அவனைத் தள்ளிவிட்டு, சுமையோடு வண்டியைத் தானே சுற்றுவழியில் தள்ளிக்கொண்டு போனாள். அன்றைக்கு அவள் ஆறு மாதக் கர்ப்பிணி.

கூலியாட்கள் மூட்டைகளை வாசலில் கொண்டுவந்து போட்டார்கள். லெயோனே வாய்க்கட்டுக் கம்பியைப் பிரித்து, மணலைக் கொட்டி, கோணியை உதறி மடித்தான். பாதிக்குமேல் மக்கல். இருபதோ முப்பதோ மடித்த பிறகு, ஒரு கோணியின் மூலையில் அவன் கட்டைவிரல் நின்றுவிட்டது.

மூலையில் நூல் ஒரு முறை முன்னால் போய், இரண்டு முறை பின்னால் வந்து, ஒரு சின்ன முடிச்சாக உள்பக்கம் ஒளிந்திருந்தது. நூலில் மெழுகு. கோணி இற்றுப்போயிருந்தது, தையல் மட்டும் நேற்றுப் போட்டதுபோல இருந்தது. லெயோனே அதை மூக்கருகே கொண்டுபோனான். மண் வாடை, எலி வாடை, அப்புறம் மெழுகு வாடை.

1940 ஜூன். போர் அறிவித்த வாரம். யூதர்களுக்கு அரசாங்க வேலை கிடையாது, லைசென்ஸ் கிடையாது, பள்ளிக்கூடம் கிடையாது என்று சட்டம் வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஆனாலும் ஒரு கான்ட்ராக்டரின் ஆள் பின்வாசல் வழியாகக் கெத்தோவுக்கு வந்தான். மூட்டை தைக்க ஆள் வேண்டும், அவசரம், கூலி பாதிதான் என்றான். கெத்தோப் பெண்கள் ஊரிலேயே பேர்போன தையல்காரிகள். கிழிந்த பட்டுத்துணியை எங்கே கிழிந்தது என்று தெரியாமல் ஒட்டுப்போடுவார்கள். கோஸ்தான்ஸா எண்பது கோணி வாங்கிக்கொண்டாள். வெள்ளிக்கிழமை ஓய்வுநாளுக்கு ஏற்றிய மெழுகுவர்த்தியில் மிஞ்சிய மெழுகைச் சேர்த்துவைத்து, நூலை அதில் இழுத்து இழுத்துத் தைத்தாள். கோணிக்கு எதற்கடி இந்த வேலை என்று அவள் தங்கை அலெக்ரா கேட்டதற்கு, "என் கைக்கு வேற மாதிரி தைக்கத் தெரியாதே" என்றாள். மூட்டைகள் எங்கே போகின்றன என்று தெரிந்தபோது விழுந்து விழுந்து சிரித்தாள். "அவனுக்குக் கீழே நடக்க மாட்டோம், ஆனா அவனுக்குச் சட்டை மட்டும் தச்சுக் குடுப்போம். நல்ல பொழப்பு!"

லெயோனே மடித்து வைத்ததை எல்லாம் மறுபடி பிரித்துத் தடவிப் பார்த்தான். வேறு ஒன்றிலும் அந்த மூலைத் தையல் இல்லை.

"மேஸ்திரி, இது எங்கேருந்து எடுத்தது?"

நாத்ஸரேனோ எட்டிப் பார்த்தார். "இடது சுவர். விளக்குச் சிற்பம் இருக்குல்ல, அதுக்கு நேர் கீழே, அடி வரிசை. ஓரமா சரிஞ்சு கிடந்துச்சுன்னு எடுத்தோம். முதல்ல வந்த மூட்டைங்களை அங்கதான் அடுக்குனேன். ஏன்?"

"மிச்சமும் அங்கே இருக்கா?"

"ஒரு முப்பது இருக்கும். ஆனா நாளைக்கு உனக்குக் கோணி கிடையாதுப்பா. இப்படி ஒவ்வொண்ணாத் தூக்கிட்டு இருந்தா கிறிஸ்துமஸ் வந்துடும்னு தொல்பொருள் இலாகா அதிகாரி குதிக்கிறாரு. நாளைக்கு வலது சுவரை முடிச்சுட்டு, மத்தியானம் இடது சுவர். கத்தியால கிழிச்சு விடுறது, மணல் சரியுறது, மம்பட்டியால அள்ளுறது. கந்தல் எல்லாம் மணலோட சேர்ந்து பள்ளத்துக்குப் போயிடும்."

"கிழிக்காம எடுக்க முடியாதா?"

"முடியும். நீ உள்ளே வந்து எடு. மத்தியானம் வரைக்கும் நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். என் ஆளுங்க கையில கத்தி இருக்கும், அவங்களுக்கு உன் கோணி மேல என்ன பாசம்?"

லெயோனே தலையாட்டினான். அந்த ஒரு கோணியை நாலாக மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வண்டியைத் தள்ளினான்.

அலெக்ரா அவன் வீட்டுக்கு எதிர்வீடு. கல்யாணம் ஆகாதவள். கன்னியாஸ்திரீகள் மடத்தில் ஒன்பது மாதம் ஒளிந்திருந்து தப்பியவள். அக்காளைப்போலவே ஊசிதான் அவளுக்கும் சோறு. சாயங்காலம் அவன் அங்கேதான் சாப்பிடுவான். தெரு என்ன பேசுமோ பேசட்டும் என்று விட்டுவிட்டாள். அன்றைக்கு நெத்திலியும் கசப்புக் கீரையும் அடுக்கி வேகவைத்திருந்தாள். அவன் கோணியை மேஜைமேல் வைத்தான்.

"சாப்பிடுற எடத்துல என்ன அத்தான் இந்தக் குப்பை?" என்று எடுக்கப் போனவளின் விரலும் அந்த மூலையில் நின்றது.

அலெக்ரா உட்கார்ந்துவிட்டாள். கோணியை முகத்தில் வைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். லெயோனே அவள் அழுது முடிக்கிற வரையில் நெத்திலி முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைத்தான். அவனுக்கு அழுகை வரவில்லை. இது கோஸ்தான்ஸாவின் கை என்று விரலுக்குத் தெரிந்தது, நெஞ்சுக்குத் தெரியவில்லை. அது அவனுக்கே அசிங்கமாக இருந்தது.

கோஸ்தான்ஸாவின் பொருள் என்று அவனிடம் வேறு எதுவும் இல்லை. 1943 அக்டோபரில், மழை பெய்த ஒரு சனிக்கிழமை விடியலில், ஜெர்மானியர்கள் கெத்தோவை வளைத்துக்கொண்டார்கள். மூன்று வாரத்துக்கு முன்னால்தான் ஐம்பது கிலோ தங்கம் கேட்டிருந்தார்கள். மோதிரம், தோடு எல்லாம் கழற்றிக் கொடுத்தாயிற்று, இனி தொடமாட்டார்கள் என்று தெருவே நம்பியிருந்தது. லாரிச் சத்தம் கேட்டதும் எல்லாரும் ஒரே மாதிரிதான் யோசித்தார்கள். வேலைக்கு ஆம்பிளைகளைப் பிடிக்க வந்திருக்கிறார்கள், பொம்பிளைகளையும் குழந்தைகளையும் என்ன செய்யப்போகிறார்கள் என்று. ஆண்கள் கூரைமேல் ஏறி ஓடினார்கள். கோஸ்தான்ஸா அவன் கையில் சட்டையைத் திணித்து "ஓடுங்க!" என்றாள். ஏழு வயது மகள் மிரெல்லா கட்டிலில் உட்கார்ந்து காலுறையைத் தேடிக்கொண்டிருந்தாள். லெயோனே ஜன்னல் வழியாக ஏறி, ஈர ஓட்டின் மேல் ஓடினான்.

ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களை ரயிலேற்றிக் கொலைமுகாமுக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி வந்தது பதினாறு பேர். அதில் ஒரே ஒரு பெண், அவள் கோஸ்தான்ஸா இல்லை. குழந்தை ஒன்றுகூட இல்லை. ஆளில்லாத வீட்டை யார் யாரோ புகுந்து துடைத்துவிட்டிருந்தார்கள். போட்டோகூட இல்லை. அதன் மரச்சட்டத்துக்காக எடுத்துப்போயிருக்க வேண்டும். கல்லுக்கு மூட்டை அடுக்கிய ஊர் அது. இதைச் சொல்லும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. லெயோனேக்கு அந்தக் கோபமும் வரவில்லை.

கூரையில் ஓடியதைப் பற்றி அவனும் அலெக்ராவும் ஒருநாளும் பேசியதில்லை. அவள் கேட்டதில்லை, அவன் சொன்னதில்லை.

"இன்னும் முப்பது இருக்காம்" என்று அவன் மத்தியானக் கெடுவைச் சொன்னான். "உள்ளே போனாத்தான் எடுக்க முடியும்."

அலெக்ரா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அப்பப் போங்க."

"அவ போக மாட்டா."

"அவ போக வேண்டாமே. நீங்கதானே போறீங்க." கொஞ்சம் யோசித்தாள். அழுத கண்ணிலேயே வக்கீல் களை வந்துவிட்டது. "நம்மாளுங்க என்ன சொல்லியிருக்காங்க? கீழே கடக்கக் கூடாதுன்னு. கடக்கிறதுன்னா என்ன, இந்தப் பக்கம் நுழைஞ்சு அந்தப் பக்கம் வெளிய வர்றது. நுழைஞ்ச பக்கமே திரும்பி வந்துட்டா அது கடந்த கணக்கா?"

"இதை யார் சொன்னது?"

"நான் சொல்றேன். வேணும்னா ஜெப ஆலயத்து ராபியைப் போய்க் கேளுங்க. அவர் மூணு நாள் யோசிப்பாரு, அதுக்குள்ள நாத்ஸரேனோ கத்தியை வெச்சுடுவான்." கோணியை மடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "போங்க அத்தான். ஒண்ணு எனக்கு, மிச்சம் உங்களுக்கு. போன வழியே வந்துடுங்க, அவ்வளவுதான்."

மறுநாள் காலையில் லெயோனே வளைவுக்கு முன்னால் வந்து நின்றான். ஏதாவது ஆகும் என்று காத்திருந்தான், காலாவது நடுங்கும் என்று நினைத்தான். ஒன்றும் ஆகவில்லை. தொப்பியைச் சரிசெய்துகொண்டு கொலோசியம் பக்கமாக உள்ளே நுழைந்தான். உள்ளே சில்லென்று இருந்தது, ஈர மணல் வாடை அடித்தது. அவன் குடும்பத்தில் ஆயிரத்தெண்ணூறு வருஷமாக யாரும் நிற்காத இடத்தில் நின்றபோது, மணி எட்டே கால் ஆகியிருக்கும் என்று மட்டும் தோன்றியது.

"வந்துட்டியா!" நாத்ஸரேனோவுக்கே ஆச்சரியம். ஆனால் கிண்டல் பண்ணவில்லை. "பாத்து எடு. மேலேருந்துதான் எடுக்கணும். அடியில கை வெச்சே, முட்டு நழுவிடும்."

இடது சுவரை ஒட்டி மூட்டைகள் ஆள் உயரத்துக்கு மேல் போயிருந்தன. அவற்றுக்கு மேலே, சிற்பத்தின் முன்னால், கனத்த பலகைச் சட்டம் ஒன்று. அந்தச் சட்டத்தைத் தாங்க ஒரு உத்தரம் சாய்வாக முட்டுக்கொடுத்து நின்றது. அதன் கால், அடி வரிசை மூட்டைகளுக்கு நடுவில் புதைந்திருந்தது.

மேலேயிருந்து எடுத்தால் அடி வரிசைக்கு வர இருநூறு மூட்டை தூக்க வேண்டும். எதிர்ச் சுவரில் கத்திகள் வேலையை ஆரம்பித்துவிட்டன. மணல் சரிகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. லெயோனே மண்டியிட்டான். அடி வரிசையின் ஓரத்திலிருந்து ஆரம்பித்தான். மூலையைத் தடவுவான், அவள் முடிச்சு தட்டுப்பட்டால் கம்பியைப் பிரித்து மணலைக் கையால் வாரி வெளியே விடுவான், வெறும் கோணியை மெல்ல இழுத்து உருவுவான். மேலே இருந்த மூட்டை கொஞ்சம் இறங்கும். பிறகு அடுத்தது.

பல கோணிகள் கையோடு வந்துவிட்டன, அத்தனை மக்கல். நடுத்துணி பொடியாய் உதிர்ந்தது. தையல் ஓடிய ஓரம் மட்டும் பட்டையாக, முழுசாக வந்தது. வந்ததை மடித்து உத்தரத்தின் காலடியில், காய்ந்த இடமாகப் பார்த்து அடுக்கினான். பத்து மணிக்குள் பதினொன்று.

பன்னிரண்டாவது, முட்டுக்குச் சரியாகக் கீழே இருந்தது. அதில் அவள் முடிச்சு தெரிந்தது. அங்கே கை வைக்கக் கூடாது என்று அவனுக்குத் தெரியாமல் இல்லை. பழந்துணி வியாபாரத்தில் இருபது வருஷம் சுமை ஏற்றி இறக்கியவன், எதன் மேல் எது நிற்கிறது என்று தெரியாதா? தெரிந்தேதான் கம்பியைப் பிரித்தான். மணல் விரல்களுக்கு இடையில் வழிந்தது.

உத்தரத்தின் கால் ஒரு சாண் வழுக்கியது. மேலே பலகைச் சட்டம் கிறீச்சிட்டுச் சுவர் பக்கம் சாய்ந்தது. மூட்டைச் சுவர் முழுக்க ஒரு முறை மூச்சுவிட்டதுபோல உப்பியது.

"ஓடு!" என்று நாத்ஸரேனோ அலறினார். "எல்லாரும் ஓடுங்கடா! லெயோனே, விட்டுட்டு ஓடு!"

கத்தி வைத்திருந்தவர்கள் கத்தியைப் போட்டுவிட்டு இரண்டு பக்கமும் பாய்ந்தார்கள். லெயோனே ஓடவில்லை. உத்தரத்துக்கு அடியில் இடது தோளைக் கொடுத்து, முதுகை மூட்டைச் சுவரில் முட்டி, இரண்டு காலையும் கல்தரையில் ஊன்றிக்கொண்டான். அவன் காலுக்கு நடுவில் பதினொரு கோணிகளும் மடித்தது மடித்தபடி இருந்தன. மேல் வரிசையிலிருந்து இரண்டு மூட்டை விழுந்து பக்கத்தில் வெடித்தது. மூக்கிலும் வாயிலும் மணல் புகுந்தது.

"ஓடுய்யா!" வெளியிலிருந்து இன்னும் கத்திக்கொண்டிருந்தார்கள்.

எத்தனை நேரம் நின்றான் என்று அவனுக்குத் தெரியாது. ஒரு நிமிஷம் இருக்கலாம், ஐந்தாகவும் இருக்கலாம். நாத்ஸரேனோதான் முதலில் திரும்பி வந்தார், கெட்ட வார்த்தையாகச் சொல்லிக்கொண்டே. பின்னால் நாலு பேர் புது முட்டு ஒன்றைத் தூக்கிவந்து, சட்டத்துக்குக் கொடுத்து, ஆப்பு அடித்தார்கள். "விடு, இப்ப விடு" என்று அவன் தோளிலிருந்து உத்தரத்தை எடுத்தபோது கோட்டும் சட்டையும் சேர்ந்து கிழிந்து வந்தது.

"உனக்குப் பைத்தியமாய்யா? கல்லுக்காகப் போயி உசுரைக் குடுப்பாங்களா?"

இலாகா அதிகாரி, ஒல்லியான கண்ணாடிக்காரர், ஏணியில் விறுவிறு என்று ஏறினார். சட்டத்தின் இடுக்கில் டார்ச் அடித்துப் பார்த்தார். இறங்கி வந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது.

"சிற்பத்துல ஒரு கீறல்கூட இல்லை. நாலு விரல் இடைவெளிதான் இருந்துச்சு, இடிச்சிருந்தா விளக்கோட கிளை போயிருக்கும். நீங்க காப்பாத்திட்டீங்க." அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். "உங்களுக்கு அடி பட்டிருக்கே. வலிக்குதா?"

"இல்லை" என்றான் லெயோனே.

அவர் வற்புறுத்தியதால் நிமிர்ந்து பார்த்தான். பிறந்தது முதல் காதால் மட்டும் கேட்ட விளக்கு. பலகை இடுக்கில் ஏழு கிளையும், கீழே தூக்கிப்போகிறவர்களின் கால்களும் தெரிந்தன. இவ்வளவுதானா என்று இருந்தது. மனசுக்குள் அதை ஒரு வீட்டு உயரத்துக்கு வைத்திருந்தான்.

மீதிக் கோணிகளை எடுக்க நாத்ஸரேனோ விடவில்லை. ஆனால் அடி வரிசையைக் கத்தி படாமல் தானே எடுத்துத் தருவதாகச் சொன்னார். "நாளைக்கு வந்து வாங்கிக்கோ. சிகரெட் வேணாம்." அவர் முகம் ஏன் அப்படி இளகிவிட்டது என்று லெயோனேக்குப் புரியவில்லை. பதினொன்றையும் மார்போடு அணைத்துக்கொண்டு, நுழைந்த பக்கமாகவே வெளியே வந்தான்.

மத்தியானம் மூன்று மணிக்கு அலெக்ரா கதவைத் திறந்தாள். தலை முதல் கால் வரை மணலோடு நின்றவனைப் பார்த்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "எந்தப் பக்கமா வெளிய வந்தீங்க?"

"நுழைஞ்ச பக்கம்."

"அப்பாடா." பிறகுதான் தோளைப் பார்த்தாள். "என்ன இது? ஐயோ, என்ன அத்தான் இது?"

நாற்காலியில் உட்காரவைத்துக் கோட்டைக் கழற்றினாள். சொம்பில் தண்ணீரும் துணியும் கொண்டுவந்தாள். அவன் கோணிகளைக் கீழே வைக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டு, நடந்ததைக் கடைக்குப் போய்வந்த கதையைப்போலச் சொன்னான். அலெக்ராவின் கை நின்றது.

"ஓடுன்னு எல்லாரும் கத்துனாங்களா?"

"ஆமா."

"ஓட வேண்டியதுதானே?"

"காலடியில அவ தச்சது இருந்துச்சு."

"கோணி, அத்தான். வெறும் கோணி. மணலுக்குள்ள போனா அப்புறம் தோண்டி எடுத்திருக்கலாம்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா நின்னீங்க?"

லெயோனே மேல் கோணியின் மூலையைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்தான். பேசியபோது குரல் அவனுடையதுபோலவே இல்லை.

"விட்டுட்டு ஓட முடியலை, அலெக்ரா. வெறும் கோணியை விட்டுட்டு ஓட முடியலை. அன்னைக்கு மட்டும் எப்படி முடிஞ்சுது? மிரெல்லா காலுறை தேடிட்டு இருந்தா. நான் பாத்தேன். பாத்துட்டுத்தான் ஓடுனேன்."

பதில் சொல்ல அலெக்ராவுக்கு வார்த்தை இருந்தது. அக்காதானே ஓடச் சொல்லியிருப்பாள், தெருவே ஓடியது, யாருக்குத் தெரியும் என்று. இரண்டரை வருஷமாக அதை நாக்கில் வைத்துக்கொண்டுதான் இருந்தாள். இப்போது அதைச் சொல்ல வாய் வரவில்லை. துணியை நனைத்துப் பிழிந்து, தோலுரிந்த தோளில் வைத்து அழுத்தினாள்.

"வலிக்குதா அத்தான்?"

அவன் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தான்.

"வலிக்குது" என்றான். "வலிக்குதுடி. ரொம்ப வலிக்குது."